மூணு தரத்துக்குப் பிறகு வரும் பில்: பழைய நாணய ஏலத்தில் வாங்க, விற்க

2002 ஜூலை 30 அன்று நியூயார்க்கில் ஒரே ஒரு தங்கக் காசு ஏலத்துக்கு வந்தது. அமெரிக்காவின் 1933ஆம் ஆண்டு இருபது டாலர் காசு. 'டபுள் ஈகிள்' என்பார்கள். சோதபீஸும் ஸ்டாக்ஸும் சேர்ந்து நடத்திய அந்த ஏலம் 66 லட்சம் டாலரில் முடிந்தது. வாங்கியவர் கட்டியதோ 75,90,020 டாலர். அதில் 9,90,000 டாலர், வாங்குபவர் தலையில் ஏல நிறுவனம் வைத்த 15 சதவீதக் கமிஷன். கடைசி 20 டாலர் எதற்கு என்றால், அந்தக் காசு அதுவரை அரசு கணக்கில் புழக்கத்துக்கு விடப்படவே இல்லை. அதைச் செல்லுபடியாகும் பணமாக்க, அதன் முகமதிப்பை அமெரிக்க அரசுக்குக் கட்ட வேண்டியிருந்தது.

நம் ஊர்க் கணக்கில் தொகை சின்னது, ஆனால் கதை அதேதான். 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' சொல்லி முடித்த விலையை வாங்குபவரும் கட்டுவதில்லை, விற்பவரும் வாங்குவதில்லை. வாங்குபவர் அதற்கு மேல் கட்டுகிறார். விற்பவர் கைக்கு அதற்குக் கீழேதான் வருகிறது. இந்த இடைவெளியைப் பேப்பரில் போட்டுப் பார்க்காமல் கையைத் தூக்குகிறவர்கள்தான் புதியவர்களில் அதிகம்.

இந்தியாவில் பழைய நாணயங்களுக்கென்றே ஏலம் நடத்தும் நிறுவனங்கள் சில உண்டு. மும்பையில் டோடிவாலா, ஓஸ்வால், ராஜ்கோர்; பெங்களூரில் மருதர் ஆர்ட்ஸ்; அகமதாபாத்தில் கிளாசிகல் நியூமிஸ்மேட்டிக் கேலரி. ஏலத்துக்கு முன்பே எல்லாரும் கேட்டலாக் வெளியிடுகிறார்கள். அதை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். முதல் இரண்டு மூன்று ஏலங்களில் எதையும் கேட்காமல், எந்தக் காசு என்ன விலைக்குப் போகிறது என்று மட்டும் பாருங்கள். காசு செலவில்லாத பாடம்.

முதலில் சட்டம்

அலுப்பான பகுதி, ஆனால் தாண்ட முடியாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி, நூறு வருடம் நிறைந்த நாணயம் தொல்பொருள். உள்நாட்டில் வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை வியாபாரமாக விற்கிறவருக்குத் தொல்லியல் துறை உரிமம் வேண்டும். தனிநபர் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிங்கப்பூரில் இருக்கும் மருமகனுக்குத் தாத்தா காலத்து விக்டோரியா ரூபாயைப் பார்சல் போடுவது சட்ட மீறல். தரச் சான்றுக்காக வெளிநாடு அனுப்புவதற்கும் இதே சட்டம் பொருந்தும். இந்த நூறு வருடக் கோடு ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு வருடம் முன்னால் நகர்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐந்தாம் ஜார்ஜ் காசுகளில் பெரும்பகுதி இப்போது அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

இன்னொன்று, புதையல். வயலில் உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ காசு கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே சொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்! அப்படி மண்ணிலிருந்து வந்ததாகச் சொல்லி யாராவது சோழர் காசையோ வராகனையோ நீட்டினால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கையில் தொடாதீர்கள். நல்ல ஏல நிறுவனம் விற்பவரிடம் "காசு உங்களிடம் எப்படி வந்தது?" என்று கேட்கும். கேட்காத நிறுவனத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

எதை வாங்குவது, எப்படிப் பார்ப்பது

எல்லா நாட்டுக் காசையும் அள்ள நினைக்காமல் ஒரு வரிசையைப் பிடியுங்கள். ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது 1835 முதல் 1939 வரையிலான பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய். நிறையக் கிடைக்கிறது, ஆவணம் தெளிவாக இருக்கிறது, போலியைப் பிடிக்கவும் ஒரு வழி உண்டு: எடை. இந்த நூறு வருட வரிசை முழுக்க ஒரே எடைதான், 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. வெள்ளி 91.7 சதவீதம். 1940இல் எடையை அப்படியே வைத்து வெள்ளியைப் பாதியாக்கினார்கள்; 1947இல் வெள்ளியே போய் நிக்கல் வந்தது. நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த காசு கொஞ்சம் குறைவாக நிற்கும், அது இயல்பு. தேயாத புத்தம்புதுக் காசு 11.2 காட்டினால் ஏதோ கோளாறு.

இந்த வரிசையிலேயே சுவாரசியமான காசுகள் உண்டு. 1911இல் அடித்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், அரசரின் அங்கியில் இருந்த யானையின் தும்பிக்கை குட்டையாகப் போய் பன்றி மாதிரித் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த வருடமே யானையைத் திருத்தினார்கள். 'பன்றி ரூபாய்' என்று இன்றும் கேட்டலாக்கில் தனியாகப் போடுகிறார்கள். 1862 தேதி போட்ட விக்டோரியா ரூபாய் இன்னொரு ரகம்: பல வருடங்கள் அதே தேதியோடு அடித்ததால், தேதியைச் சுற்றி இருக்கும் புள்ளிகளை எண்ணித்தான் வகை பிரிப்பார்கள். ஒரு புள்ளி கூடினால் விலை மாறும். 1939 வெள்ளி ரூபாய் அபூர்வம். அதனாலேயே தேதியில் கைவைத்த போலிகளும் உண்டு. அதை முதல் வருடத்தில் தொட வேண்டாம்.

காசின் நிலைதான் விலையைத் தீர்மானிக்கிறது. இங்கே நம் வீட்டுப் பழக்கம் ஒன்று பெரிய எதிரி. வெள்ளிச் சாமான் மங்கினால் திருநீறு போட்டுத் தேய்ப்போம் இல்லையா? அதே கை பெட்டியில் இருந்த ராணி காசையும் தேய்த்திருக்கும். லென்ஸில் பார்த்தால் முடி மாதிரி மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். பளபளப்பு இருக்கும், ஆனால் காசைச் சாய்த்துத் திருப்பும்போது வட்டமாகச் சுழல வேண்டிய ஒளி சுழலாது, முகம் முழுக்க ஒரேயடியாக மின்னும். இதைக் கேட்டலாக்கில் 'கிளீன்ட்' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பாதி விலை போய்விடலாம்.

அடுத்தது 'எக்ஸ்-மவுண்ட்'. காசு மாலையில் கோத்த ரூபாய் என்று அர்த்தம். பன்னிரண்டு மணி நிலையில், விளிம்பில் கொக்கி பற்றவைத்த தடம் இருக்கும். அரம் போட்டுத் தேய்த்து மறைத்திருப்பார்கள். முகத்தைப் படம் பிடித்தால் தெரியாது, விளிம்பைப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே விலை உயர்ந்த லாட்டுக்கு (ஏலத்தில் ஒரு எண்ணில் வரும் உருப்படிக்கு) விளிம்பின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். நல்ல நிறுவனங்கள் அனுப்புகின்றன. சராப்புகள், அதாவது அந்தக் காலத்து நாணய மாற்று வியாபாரிகள், வெள்ளியைச் சோதிக்கக் குத்திய சின்ன முத்திரைகளும் இதே ரகம்; சிலர் அதைச் சரித்திரம் என்று ரசிப்பார்கள், சந்தை ரசிப்பதில்லை.

'மறு அச்சு' என்று எழுதியிருந்தால் குழம்பாதீர்கள். பம்பாய், கல்கத்தா நாணயச் சாலைகளே பழைய அச்சுகளை வைத்துச் சேகரிப்பாளர்களுக்காகப் பிற்காலத்தில் அடித்துக் கொடுத்தவை அவை. போலி அல்ல, அசலும் அல்ல. விலையும் இரண்டுக்கும் நடுவில்.

என்ஜிசி, பிசிஜிஎஸ் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் காசைச் சோதித்து, 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக் கொடுக்கின்றன. 'ஸ்லாப்' என்பது அதுதான். புதியவர் விலை உயர்ந்த காசை ஸ்லாப்போடு வாங்குவது பாதுகாப்பு. ஆனால் மதிப்பெண்ணுக்குப் பதிலாக 'டீடெய்ல்ஸ்' என்று இருந்தால், காசு அசல், ஆனால் தேய்த்ததோ சேதமானதோ என்று பொருள். ஸ்லாப்புக்குள் இருக்கிறதே என்று முழு விலை கொடுத்துவிடாதீர்கள். ஸ்லாப்பிலேயே போலி வருகிறது. அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கணக்கு

விலையை முடிவு செய்ய, அதே வகைக் காசு முன்பு என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று தேடுங்கள். ஏல நிறுவனங்களின் தளங்களிலேயே பழைய ஏல முடிவுகள் இருக்கும். காயின்ஆர்கைவ்ஸ், ஏசிசர்ச் போன்ற தளங்கள் உலக ஏலங்களைத் தொகுத்து வைத்திருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: சில இடங்களில் காட்டுவது மூணு தரம் சொன்ன விலை, சில இடங்களில் கமிஷன் சேர்த்த விலை. எது என்று பார்க்காமல் ஒப்பிட்டால் தராசே தப்பாகிவிடும். கேட்டலாக்கில் போட்டிருக்கும் உத்தேச விலையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆளை இழுக்க வேண்டுமென்றே குறைத்துப் போடுவதும் உண்டு.

சரி, பில்லுக்கு வருவோம். வாங்குபவர் கமிஷன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இங்கே உதாரணத்துக்காக 15 சதவீதம் என்று வைப்போம். அந்தக் கமிஷன் ஒரு சேவைக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. காசின் மேல் தனியாக ஜிஎஸ்டி; இந்த விகிதம் காசின் வகையைப் பொறுத்தும் அரசு மாற்றுவதைப் பொறுத்தும் மாறும், கணக்குக்கு 5 என்று வைப்போம். மூணு தரம் 10,000 ரூபாயில் முடிந்தது என்றால்:

காசு: 10,000
கமிஷன்: 1,500
கமிஷன் மேல் ஜிஎஸ்டி: 270
காசின் மேல் ஜிஎஸ்டி: 500
தபால், காப்பீடு: 200
மொத்தம்: 12,470

சில நிறுவனங்கள் காசையும் கமிஷனையும் கூட்டி அதன் மேல் ஒரே வரியாகப் போடும். இணையத்தில் நேரலையாகக் கேட்டால் அந்தத் தளத்துக்கென்று தனியாக ஓரிரு சதவீதம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்டலாக்கின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும் 'ஏல விதிமுறைகள்' பகுதியில் எல்லாம் இருக்கும். படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் படியுங்கள்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். இதுதான் உண்மையில் வேலைக்கு ஆகும் கணக்கு. இந்தக் காசுக்கு என் கையிலிருந்து போகக்கூடியது மொத்தமாக 10,000தான் என்றால், எதுவரை கேட்கலாம்? தபால் 200 கழித்தால் 9,800. அதை 1.227ஆல் வகுத்தால் 7,987. ஆக 7,900க்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. அந்த 1.227 என்பது ஒன்று, கமிஷனும் அதன் வரியுமாக 0.177, காசின் வரி 0.05, இவ்வளவுதான். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இந்த எண்ணை ஒரு தடவை போட்டு வைத்துக்கொண்டால் போதும்.

வாங்குகிறவரிடமும் கமிஷன் வாங்குவது ஏன் என்று கோபம் வருவது நியாயம்தான். லண்டனில் கிறிஸ்டீஸும் சோதபீஸும் 1975இல் இதை 10 சதவீதமாக ஆரம்பித்தபோது வியாபாரிகளும் கோபப்பட்டார்கள். பிறகு அந்த இரண்டு நிறுவனங்களும் விற்பவர் கமிஷனை ரகசியமாகப் பேசி வைத்து நிர்ணயித்தது அம்பலமானது. வழக்கைத் தீர்க்க இரண்டும் சேர்ந்து 51.2 கோடி டாலர் கொடுத்தன, சோதபீஸின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் டாப்மன் சிறைக்கே போனார். கமிஷன் என்பது பேச்சுவார்த்தைக்கு உட்பட்ட விஷயம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் பேரம் பேசும் வாய்ப்பு விற்பவருக்குத்தான், வாங்குபவருக்குக் கிடையாது.

கேட்பது

முன்பதிவு செய்யாமல் கேட்க முடியாது. பான், ஆதார் கேட்பார்கள். புதியவரிடம் முன்பணமோ, தெரிந்த வியாபாரி ஒருவரின் பெயரோ கேட்பதும் உண்டு. இரண்டு மூன்று நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள். ஏலம் நடக்கும் ஊரில் இருந்தால், ஏலத்துக்கு முன் காசுகளை நேரில் காட்டும் நாளைத் தவறவிடாதீர்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்கி, கீழே துணியோ தட்டோ இருக்கும்படி பாருங்கள். முகத்தில் விரல் வைத்தால் அங்கிருக்கும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், அதுவும் நியாயம்.

நேரில் போக முடியாவிட்டால், உங்கள் உச்ச விலையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம். மற்றவர் எங்கே நிற்கிறாரோ அதற்கு ஒரு படி மேலேதான் உங்கள் பெயரில் முடிப்பார்கள் என்பது விதி. இரண்டு பேர் ஒரே தொகை எழுதியிருந்தால் முதலில் கொடுத்தவருக்குத்தான் காசு. நேரலையில் உட்கார்ந்து கேட்கும் சூட்டில் உச்ச விலையைத் தாண்டுகிறவர்களுக்கு எழுதிக் கொடுப்பதே மேல். கேட்ட விலையைத் திரும்பப் பெற முடியாது. ஜெயித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் அந்த நிறுவனத்தில் அடுத்த முறை இடமில்லை. இந்த வட்டம் சின்னது, பெயர் கெட்டால் பரவும்.

முதல் ஏலத்தில் கலப்புக் குவியல் லாட்டுகளைத் தவிருங்கள். ஐம்பது காசு மொத்தமாக என்று வரும். 'உள்ளது உள்ளபடி, திருப்பி எடுக்க மாட்டோம்' என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். நல்ல காசை முன்பே யாரோ பொறுக்கி எடுத்திருப்பார்கள்.

பார்சல் வந்தால் பிரிப்பதை வீடியோ எடுங்கள். எடை போடுங்கள். விளக்கத்துக்கு மாறாக இருந்தால் புகார் சொல்ல விதிமுறையில் சில நாள்தான் கொடுத்திருப்பார்கள். பணத்தை வங்கி வழியாகவே கட்டுங்கள்; 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது.

விற்கிறவர்களுக்கு

பெட்டியில் பழைய காசு இருக்கிறது, விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதல் பதில்: கழுவாதீர்கள். இரண்டாவது: எதிர்பார்ப்பைக் குறையுங்கள். ஓட்டைக் காலணா, 1940களின் சின்னக் காசுகள், இந்திராகாந்தி படம் போட்ட ஐந்து ரூபாய் எல்லாம் லட்சக்கணக்கில் அடித்தவை. ஏலத்துக்குக் கொண்டுபோனால் ஆகும் செலவுக்கே விலை போதாது. சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் நாணயக் கழகங்கள் நடத்தும் கண்காட்சிக்குக் கொண்டுபோய் நாலு பேரிடம் காட்டுங்கள். வைஷ்ணவ தேவி படம் போட்ட காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது ஏமாற்று வேலை. முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் வரி, அப்புறம் ரிசர்வ் வங்கி அனுமதி என்று உங்களிடமிருந்துதான் கறப்பார்கள். பழைய காசு வாங்குவது விற்பதில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, கமிஷனோ கட்டணமோ கேட்பதே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிக்கை விட்டிருக்கிறது. ஒழுங்கான ஏல நிறுவனம் தன் பங்கை விற்ற பணத்திலிருந்து கழித்துக்கொள்ளும், முன்கூட்டிக் கேட்காது.

ஏலத்துக்குத் தகுந்த காசுதான் என்று தெரிந்தால் இரண்டு நிறுவனங்களுக்காவது படம் அனுப்பிக் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள்: விற்பவர் கமிஷன் எவ்வளவு, படம் பிடிக்கக் கட்டணம் உண்டா, காப்பீடு யார் பொறுப்பு, விற்காமல் திரும்பினால் ஏதாவது கட்ட வேண்டுமா, பணம் எத்தனை நாளில் வரும். கடைசி இரண்டையும் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. ஏலம் முடிந்து, வாங்கியவர் கட்டி, அப்புறம்தான் உங்களுக்கு என்பதால் ஒன்றிரண்டு மாதம் ஆவது சகஜம். ஏலத்துக்கு முன்னால் கேட்டலாக் தயாரிக்கவும் சில மாதம். பெண்ணுக்குக் கல்யாணம் அடுத்த மாதம் என்றால் ஏலம் உதவாது, வியாபாரியிடம்தான் போக வேண்டும்.

அதே 10,000 ரூபாய்க் காசை விற்பவர் பக்கம் பார்ப்போம். கமிஷன் 10 சதவீதம் என்றால் 1,000, அதன் மேல் ஜிஎஸ்டி 180. கைக்கு வருவது 8,820. வாங்கியவர் கட்டியது 12,470. நடுவில் 3,650. வியாபாரி ஒருவர் அதே காசுக்கு இன்றே 8,500 ரொக்கமாகக் கொடுக்கிறார் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்தான். வியாபாரி குறைத்துக் கேட்கிறார் என்று சட்டென்று முறைக்க வேண்டாம். காசு அபூர்வமாக, நாலு பேர் போட்டி போடக்கூடியதாக இருந்தால் மட்டும் ஏலம் நிச்சயம் ஜெயிக்கும். அப்படிப்பட்ட காசுக்கு விற்பவர் கமிஷனை நிறுவனமே குறைக்கும், சில சமயம் முழுக்க விட்டுக்கொடுக்கும். கேட்டால்தான் உண்டு.

இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று ஒரு விலையை நீங்கள் குறிக்கலாம்; அதுதான் ரிசர்வ். அதை உயரத்தில் வைக்கச் சொல்லி மனசு அடித்துக்கொள்ளும். வைக்காதீர்கள். விற்காமல் திரும்பிய காசு அடுத்த ஏலத்துக்கு வரும்போது பழகிய கண்கள் அடையாளம் கண்டுகொள்ளும், 'இதுதான் போன தடவை போகாத காசு' என்று விலை இன்னும் இறங்கும். அப்படித் திரும்பிவிட்டால் உடனே எடுத்து வராமல், ஏலம் முடிந்த பிறகு ரிசர்வ் விலைக்கு யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏலத்தன்று தயங்கியவர் மறுநாள் போன் செய்வதுண்டு. அந்த விற்பனைக்குக் கமிஷன் அதேதானா, வேறா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.